ஓய்வும் பயனும்: ஒரு மில்லிமீட்டரின் விலை



ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் கைவேலைகளைப் பற்றி இப்பகுதியில் பேசி வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்டிருப்பது சற்றே வேறுபட்டதொரு வேலை. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானத்தின் உட்புறத்தை, பெட்டியில் வராத நுண்ணிய பொருள்களைக் கையாலேயே செய்து நிரப்பும் வேலை அது. அதிலும் நாம் உதாரணமாகக் கொள்ளப்போவது ஒரு குண்டுவீச்சு விமானம்.

"விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பாடா? அதுவும் ஊர்களை எரித்த விமானத்தைப் பிள்ளைகள் கையில் ஆசையோடு செய்யக் கொடுப்பதா?" என்று நம் தாய்மார்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதனை ஒதுக்கிவிடாமல் மனத்தில் வைத்துக்கொண்டே இக்கட்டுரையைப் படியுங்கள். விடை விமானத்தின் உள்ளேதான் இருக்கிறது.

பெட்டியில் வருவதும் வராததும்

லங்காஸ்டர் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அவ்ரோ நிறுவனத்தின் ராய் சாட்விக் என்பார் வடிவமைத்த இவ்விமானம் 1941 ஜனவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. ஏர்ஃபிக்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் இதன் மாதிரியை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் 1958-இல் வெளியிட்டது. ஜப்பானின் தமியா நிறுவனம் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் 1975-இல் வெளியிட்டது.

நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றால் என்ன? உண்மை விமானத்தில் 48 சென்டிமீட்டர் நீளமுள்ள பொருள் மாதிரியில் ஒரே சென்டிமீட்டர் இருக்கும். 31 மீட்டர் அகலம் விரிந்த இறக்கைகள் ஏறத்தாழ 65 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். நடுத்தர உயரமுள்ள மனிதர் 36 மில்லிமீட்டர் உயரமே இருப்பார். ஒரு தீக்குச்சியைவிடச் சற்றுக் குட்டை!

பெட்டியைத் திறந்தால் விமானத்தின் உடற்பகுதி இடம், வலம் என இரண்டு பாதிகளாக இருக்கும். வெளிப்புறத்தில் தகட்டு இணைப்புகளும் ஆணிக் கோடுகளும் அழகாகப் பதிந்திருக்கும். உட்புறமோ பெரும்பாலும் வழவழப்பாக வெறுமையாகக் கிடக்கும். தரைக்கென ஒரு பலகை, இரண்டொரு இருக்கைகள், சில எந்திரத் துப்பாக்கிகள், அவ்வளவே.

இதற்குக் காரணம் உண்டு. உருக்கிய பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறியபின் அச்சின் இரு பாதிகளையும் நேராகப் பிரித்தெடுக்கிறார்கள். உள்வளைந்த வடிவங்களும், மயிரிழை போன்ற குழாய்களும் அவ்வாறு பிரிக்கும்போது உடைந்துவிடும், அல்லது அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். மேலும் ஒவ்வொரு பாகமும் அச்சின் செலவை ஏற்றும். ஆதலின் மூடிய பின் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளை நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. கைவேலைக்காரரின் வேலை அவ்வெறுமையில்தான் தொடங்குகிறது.

ஏழு பேர் இருந்த வீடு

வேலையைத் தொடங்குமுன் அந்த அறைகளில் யார் யார் இருந்தார்கள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். லங்காஸ்டரில் பறந்தவர்கள் ஏழு பேர்.

மூக்குப் பகுதியின் கண்ணாடிக் குமிழில் குப்புறப் படுத்து இலக்கைப் பார்த்துக் குண்டை விடுவிப்பவர் ஒருவர். அவருக்கு மேலேயுள்ள முன்துப்பாக்கிக் கூண்டும் அவர் பொறுப்பே. பின்னால் சற்று உயர்ந்த மேடையில், இடப்புறமாக, விமானி. அவர் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவசத் தகடு. அவருக்கு வலப்புறம் மடக்கு இருக்கையில் எஞ்சின்களைக் கவனிக்கும் பொறியாளர். அடுத்து, திரைக்குப் பின்னே, இடப்புறச் சுவரை நோக்கிய மேசையில் வரைபடத்தை விரித்து வழி கணிப்பவர். இரவில் விளக்கொளி வெளியே தெரிந்தால் எதிரியின் கண்ணில் பட்டுவிடும் என்பதற்காகவே அந்தத் திரை. அவருக்கும் பின்னே கம்பியில்லாத் தந்திக்காரர். வெப்பக் காற்று வரும் குழாய் அவரருகே திறந்ததால் அவர் மட்டும் வியர்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் குளிரில் நடுங்குவார்கள்.

அவருக்குப் பின்னால் இறக்கையைத் தாங்கும் பெரிய உத்தரம் விமானத்தின் உடலுக்குக் குறுக்கே செல்கிறது. தடித்த உடையும் காலணியும் அணிந்த ஒருவர் முன்னிருந்து பின்னே செல்ல வேண்டுமானால் அதன்மீது ஏறித் தவழ்ந்துதான் தாண்ட வேண்டும். அதற்கப்பால் முதுகுக் கூண்டுத் துப்பாக்கிக்காரர். கடைசியாக, வாலின் நுனியில், ஏனைய அறுவரின் முகத்தையும் காணமுடியாத தனிமையில் வால் துப்பாக்கிக்காரர். கூண்டின் கண்ணாடியில் ஒரு சிறு அழுக்குப் புள்ளியும் இருட்டில் எதிரி விமானமாகத் தோன்றும் என்பதால், பலர் எதிரேயிருந்த கண்ணாடித் தகட்டையே அகற்றிவிட்டு, உறைபனிக் குளிரை நேரே முகத்தில் வாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அவருடைய பாராசூட்டை வைக்கக்கூடக் கூண்டினுள் இடமில்லை. அது வெளியே, விமானத்தின் உடலுக்குள், ஒரு கொக்கியில் தொங்கியது.

இவர்களிற் பெரும்பாலோர் இருபது வயதைச் சற்றே தாண்டியவர்கள். நம் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் வயது!

கையால் செய்யும் முறை

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை அதிகமில்லை. கூரிய கத்தி, நல்ல இடுக்கி, இரும்பு அளவுகோல், நுண்ணிய உப்புத்தாள், மெல்லிய தூரிகைகள், பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை, கால் மில்லிமீட்டரும் அரை மில்லிமீட்டரும் தடிப்புள்ள பிளாஸ்டிக் தகடுகள். எல்லாவற்றினும் மேலாக, உண்மை விமானத்தின் உட்புறப் புகைப்படங்கள். கற்பனையால் நிரப்புவது இவ்வேலைக்கு அழகல்ல. லண்டன் ஹெண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் 130-க்கும் மேற்பட்ட முறை போருக்குச் சென்று திரும்பிய ஒரு லங்காஸ்டர் நிற்கிறது. லிங்கன்ஷயரின் ஈஸ்ட் கிர்க்பியில் இன்னொன்று உண்டு. பறக்கும் நிலையில் பேணப்படுபவை உலகில் இரண்டே: ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையிடம், மற்றொன்று கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகத்திடம். இவற்றின் உட்புறப் படங்கள் நூல்களில் கிடைக்கின்றன.

முதல் வேலை, சுவரைச் சுத்தம் செய்வது. அச்சிலிருந்து பாகத்தை வெளித்தள்ளும் ஊசிகள் உட்புறத்தில் வட்ட வட்டமாகத் தடம் விட்டிருக்கும். அவற்றை நிரப்பித் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

அடுத்தது விலா எலும்புகள். விமானத்தின் மெல்லிய உலோகத் தோலை உள்ளிருந்து தாங்குபவை குறுக்கு வளையங்களும் நெடுக்குச் சட்டங்களும். பிளாஸ்டிக் தகட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நாடா நாடாவாக அறுத்து, சுவரில் பென்சிலால் குறித்த கோடுகளின் மீது ஒட்ட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் பத்து விலாக்கள் ஒட்டி முடித்ததுமே வெறும் பிளாஸ்டிக் ஓடு விமானமாக மாறத் தொடங்குவதைக் காண்பீர்கள்.

குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய மின்கம்பியின் உறையை உரித்தால் உள்ளே மெல்லிய செப்பு இழைகள் இருக்கும். அவை எண்ணெய்க் குழாய்களாகும். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து மெல்லத் திருப்புங்கள். இளகிப் பளபளத்ததும் சுடரிலிருந்து விலக்கி இரு முனைகளையும் நிதானமாக இழுத்தால் தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். வேகமாக இழுத்தால் மெல்லியது. மெதுவாக இழுத்தால் தடித்தது. இதனைத் துண்டு துண்டாக நறுக்கினால் விமானி பிடித்து இயக்கும் நெம்புகோல்கள் தயார்.

இருக்கைப் பட்டைகளுக்குக் காகித ஒட்டுநாடாவை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொள்ளலாம். கொக்கிகளுக்குச் செப்பு இழையை வளைத்தால் போதும். வழிகாட்டியின் திரைக்கு மெல்லிய காகிதத்தை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டுக் காயவிட வேண்டும். அவருடைய மேசைமீது நகக்கண் அளவில் ஒரு வரைபடத் தாள்.

கருவிப் பலகையே இதில் கடினமானது. உண்மையில் சுமார் எட்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள முகப்பு, மாதிரியில் ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். வெள்ளைத் தகட்டின்மீது கறுப்புப் பூசி, காய்ந்தபின் ஊசி முனையால் கீறினால் கீழுள்ள வெண்மை முள்ளாகவும் கோடாகவும் தெரியும். ஒவ்வொரு முகப்பின் மீதும் தெளிந்த வார்னிஷ் ஒரு துளி வைத்தால் கண்ணாடி போட்டதுபோல் மின்னும்.

வண்ணம் பூசுவது கடைசிப் படி. அடிவண்ணம் காய்ந்ததும், மிக நீர்த்த கருமையான வண்ணத்தை மூலைகளில் ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். பிறகு வெளிறிய வண்ணத்தில் தூரிகையைத் தொட்டு, ஏறக்குறைய முழுவதையும் துணியில் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளின் மீது மட்டும் தடவினால் தேய்ந்த உலோகத்தின் தோற்றம் வரும். பசையும் வண்ணமும் நெடியுள்ளவை. சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். கத்தியையும் சுடரையும் சிறு பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே தொடலாம்.

இரண்டு அங்குலம்

இப்போது மூக்குப் பகுதியின் தரைக்கு வாருங்கள். குண்டு விடுபவர் படுத்திருக்கும் மெத்தைக்குக் கீழே ஒரு சிறிய கதவு உண்டு. விமானம் தீப்பற்றி வீழும்போது முன்பகுதியில் இருப்பவர்கள் பாராசூட்டோடு குதிக்க வேண்டிய வழி அதுதான். பெட்டியில் வரும் தரைப்பலகையில் அது இல்லாவிட்டால் நீங்களே கீறி உண்டாக்க வேண்டும். அதன் அகலம் 22 அங்குலம், மாதிரியில் 11.6 மில்லிமீட்டர்.

அதே காலத்தில் பறந்த ஹாலிஃபாக்ஸ் என்னும் மற்றொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் இக்கதவின் அகலம் 24 அங்குலம், மாதிரியில் 12.7 மில்லிமீட்டர். வேறுபாடு என்ன? உண்மையில் இரண்டு அங்குலம். உங்கள் அளவுகோலில் ஒரே ஒரு மில்லிமீட்டர்!

இந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றி எழுதியவர் ஃப்ரீமன் டைசன். பின்னாளில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞராக விளங்கி 2020-இல் மறைந்தவர். 1943-இல், பத்தொன்பது வயது இளைஞராக, பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவில் கணக்கராகச் சேர்ந்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிர் தப்பினார்கள் என்ற கணக்கை அப்பிரிவு பார்த்தது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் நூற்றுக்கு 50 பேர். ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் விமானங்களில் நூற்றுக்கு 25 பேர். லங்காஸ்டரிலோ நூற்றுக்கு 15 பேர்தான்! மற்றெல்லாவற்றிலும் புதியதும் சிறந்ததுமான விமானம், தன் பிள்ளைகளை வெளியே விடுவதில் மட்டும் கடைசியாக நின்றது.

காரணம் அந்தக் கதவின் குறுகலே என்று டைசனும் அவருடைய சக ஊழியர் ஒருவரும் கருதினார்கள். கனத்த உடையும், மார்பில் மாட்டிய பாராசூட்டுமாக, இருட்டில், சுழன்று விழும் விமானத்தில், 22 அங்குல வழியாக ஒரு மனிதர் வெளியேற வேண்டும். கதவைப் பெரிதாக்குமாறு அந்தச் சக ஊழியர் இரண்டாண்டுகள் போராடினார். அவர் வென்றபோது போர் முடிந்துவிட்டது. அதனால் பிழைத்திருக்கக்கூடிய இளைஞர்கள் மாண்டுவிட்டிருந்தார்கள். 1979-இல் வெளிவந்த தம் நூலில் டைசன் இதனைத் தீராத மனவருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். ஏறத்தாழ இருவரில் ஒருவர்!

எண்ணிப் பாருங்கள். வரைபலகையில் ஒருவர் இட்ட ஒரு கோடு. அதிகாரிகளின் மேசையில் காத்துக்கிடந்த ஒரு காகிதம். அவ்வளவுதான் காரணம், கொடிய எண்ணம் எதுவுமில்லை. மாதிரி செய்யும் பிள்ளை அந்தக் கதவைக் கீறும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்ன என்று எண்ணுவான். அந்த நேரத்தில் இக்கணக்கை அவனிடம் சொல்லுங்கள். நாளை அவன் கட்டடம் கட்டுபவனாகலாம், மருந்து அளப்பவனாகலாம், கோப்பில் கையெழுத்திடும் அலுவலனாகலாம். சிறு அளவு என்று எதையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதை அவன் கை அறிந்திருக்கும்.

குண்டறைக்கும் போக வேண்டும்

இத்துடன் நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். விமானிகள் நின்ற தரைக்கு அடியிலேயே பத்து மீட்டர் நீளத்திற்குக் குண்டறை இருக்கிறது. மாதிரியில் சுமார் 21 சென்டிமீட்டர். இதனுள்ளும் கைவேலைக்கு நிறைய இடமுண்டு: கொக்கிகள், கதவைத் திறக்கும் தண்டுகள், மின்கம்பிகள்.

அதில் எதைத் தொங்கவிடுவீர்கள்? ஊர்களின் மீது வழக்கமாகப் போட்டவை இரண்டு வகை. 4,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள உருளைக் குண்டு ஒன்று. அது கூரைகளையும் சன்னல்களையும் பெயர்த்தெறியும். கூடவே, நாலு பவுண்டு எடையுள்ள தீக்குச்சிக் குண்டுகள் பெட்டி பெட்டியாக; திறந்துபோன வீடுகளுக்குள் அவை விழுந்து தீ மூட்டும். ஒன்று வீட்டைத் திறக்க, மற்றது எரிக்க. இரண்டையும் சேர்த்து ஏற்றியது திட்டமிட்ட ஏற்பாடே.

1943 ஜூலை 27 இரவு எழுநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைத் தாக்கின. அவற்றில் பெருந்தொகையானவை லங்காஸ்டர்கள். தனித்தனித் தீக்கள் ஒன்றுகூடி, காற்றையே உறிஞ்சும் தீப்புயலாயின. அந்த ஜூலைத் தாக்குதல்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்த பொதுமக்கள், பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் மாண்டவர்கள் இருபத்தையாயிரம் பேர் வரை இருக்கும் என்று அந்நகரம் அமைத்த வரலாற்றறிஞர் குழு 2010-இல் அறிவித்தது. அதற்கு முன்பே ஜெர்மானிய விமானங்கள் வார்சா, ராட்டர்டாம், லண்டன், காவென்ட்ரி நகரங்களை எரித்திருந்தன என்பதும் வரலாறு.

அந்த ஏழு இளைஞர்களுக்காக இரங்கும் நெஞ்சு, அவர்கள் காலடியில் ஆறு கிலோமீட்டர் கீழே உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்காகவும் இரங்க வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். பெட்டியின் மேலட்டையில் விமானம் வீரமாகப் பறக்கும் படம் இருக்கும், தரை தெரியாது. தரையைச் சொல்ல வேண்டியது பெற்றோரின் கடமை.

தொடக்கத்தில் தாய்மார்கள் கேட்ட கேள்விக்கு இதுவே என் விடை. வெளிப்புறத்தை மட்டும் ஒட்டி, பளபளவென்று வண்ணம் பூசி அலமாரியில் வைத்தால் அது ஓர் ஆயுதத்தின் அழகை ரசிப்பதோடு நின்றுவிடும். உள்ளே ஏழு இருக்கைகளையும் ஒரு கதவையும் ஒரு குண்டறையையும் தன் கையால் செய்த பிள்ளைக்குப் போர் என்பது திரைப்படக் காட்சியாக இருக்காது.

மூடுமுன்

எல்லாம் முடிந்ததும் விமானத்தின் இரு பாதிகளையும் ஒட்டியாக வேண்டும். ஒட்டியபின், மூன்று மாத உழைப்பில் முக்கால் பங்கு இருளுக்குள் மறைந்துவிடும். சன்னல்கள் சிறியவை, விளக்கைப் பிடித்து உற்றுப் பார்த்தால் விமானியின் தோளும் திரையின் ஓரமும் தெரியலாம். வாலுக்குப் போகும் வழியில் கொக்கியில் தொங்கும் அந்தப் பாராசூட்டை இனி எவரும் காண முடியாது. சிலர் இதற்காகவே ஒரு பக்கச் சுவரில் சன்னல்போல் வெட்டித் திறந்து வைக்கிறார்கள். வேறு சிலர் ஒட்டுமுன் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மனநிறைவோடு மூடிவிடுகிறார்கள்.

"யாருக்கும் தெரியாததை ஏன் செய்தாய்?" என்று உங்கள் மகனிடம் உறவினர்கள் கேட்பார்கள். அவன் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கக்கூடும். அப்போது அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள்: "அது அங்கே இருந்தது, அதனால் செய்தான்."

விடுமுறையில் உங்கள் வீட்டில் இத்தகைய பெட்டி ஒன்று திறக்கப்படுமானால், முதலில் ஓர் அளவுகோலை எடுத்து, ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று பிள்ளையிடம் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அடுத்த மாதம் வேறொரு கைவேலையோடு சந்திப்போம்.